மூளைக்கட்டியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த வேலையில் படங்களைவிட எனக்கு அதிகமாகப் பழகிப்போனவை அவற்றோடு வரும் கேள்விகள். நோயாளிகளும் அவர்களை அழைத்துவரும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களைக் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. குறிப்பிட்ட ஒருவருடைய படத்துக்கான விளக்கமாக இதில் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் படத்தையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்.

1. எம்.ஆர்.ஐ.யும் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சுதானே? அடிக்கடி எடுத்தால் அதனாலேயே புற்றுநோய் வராதா?

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் அயனியாக்கும் கதிர்களைப் பயன்படுத்துகின்றன, எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்கள் இல்லை, ஆகவே அந்த அச்சத்துக்கு இடமும் இல்லை. நம் உடலில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம்போல நடந்துகொள்கின்றன. 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்குள் தலையை வைக்கும்போது அவற்றில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசையில் ஒழுங்குபடுகிறது; 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அப்போது வானொலி அலையாக ஒரு துடிப்பை அனுப்பினால் அவை நிலை பிறழ்ந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது வெளிவரும் மெல்லிய சைகையைத்தான் கருவி படமாக்குகிறது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். பின்னால் பலமுறை தேவைப்படும். கருவி பார்ப்பது நீரை. கட்டிக்கென்று தனிச் சைகை எதுவும் கிடையாது. ஒரு திசுவில் நீர் எவ்வளவு இருக்கிறது, தாராளமாக அசைகிறதா, எதனுள்ளாவது அடைபட்டிருக்கிறதா என்பவற்றைக் கண்டு, அங்கே என்ன இருக்கக்கூடும் என்று நாங்கள் கணிக்கிறோம்.

2. சி.டி.யில் "ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு மறுபடியும் எம்.ஆர்.ஐ.?

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். புதிய இரத்தக்கசிவு, எலும்பு முறிவு, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றை அது நன்றாகக் காட்டும். ஆகவே மயங்கி விழுந்தவருக்கும் திடீரென்று வலிப்பு வந்தவருக்கும் முதலில் சி.டி. எடுப்பதில் தவறில்லை. ஆனால் மென்மையான இரண்டு திசுக்களைப் பிரித்துக் காட்டுவதில் அதன் திறன் குறைவு. இரத்தமோ நீர்வீக்கமோ இல்லாத ஒரு கட்டி, சி.டி.யில் பக்கத்து மூளையைப்போலவே சாம்பல் நிறமாகத் தெரிந்து தப்பிவிடலாம். தடித்த எலும்பு சூழ்ந்த சிறுமூளை, மூளைத்தண்டு ஆகிய இடங்களில் அந்த எலும்பே படத்தில் கோடுகளை உண்டாக்கி மறைத்துவிடும்.

கட்டியின் எல்லை, அது ஒன்றா பலவா, எந்த நரம்பையும் இரத்தக்குழாயையும் ஒட்டியிருக்கிறது என்பவை எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகும். அறுவை மருத்துவருக்கு இவை இல்லாமல் வேலை நடக்காது.

3. மூன்று மாதமாகத் தலைவலி. ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி அல்லவா?

நரம்பியல் பரிசோதனையில் குறை எதுவும் இல்லாதவருக்கு வரும் வெறும் தலைவலி, கட்டியால் வருவது அரிது. எங்களை விழிக்கவைப்பவை வேறு: முன்பு வலிப்பு வராத பெரியவருக்கு முதன்முதலாக வரும் வலிப்பு, நாளுக்கு நாள் கூடும் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குணத்தில் மாற்றம், விடியற்காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, கண் பரிசோதனையில் தெரியும் பார்வை நரம்பு வீக்கம், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாகத் தொடங்கும் தலைவலி.

தேவையில்லாமல் எடுத்தால் நிம்மதிக்குப் பதிலாக வேறொரு கவலை கிடைக்கவும் கூடும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பொதுமக்கள் 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்களில் 1.6 விழுக்காட்டினருக்குப் புற்றல்லாத கட்டிகளும் 1.8 விழுக்காட்டினருக்கு இரத்தக்குழாய்ப் புடைப்புகளும் தென்பட்டன. அவர்கள் நடுவயதையும் முதுமையையும் சேர்ந்தவர்கள். இப்படித் தற்செயலாகக் கண்ணில் படும், மூளை உறையில் வளரும் சிறு மெனிஞ்சியோமாக் கட்டிகள் பலவற்றை ஆண்டுக்கணக்கில் கவனித்துவருவது தவிர வேறெதுவும் செய்ய வேண்டியிருக்காது. ஆனால் தெரிந்துவிட்ட பிறகு அதை மறந்து இருப்பது யாருக்கும் எளிதல்ல.

4. காலில் தகடு வைத்திருக்கிறார்கள். பல்லும் கட்டியிருக்கிறேன். எடுக்கலாமா?

டைட்டேனியம் தகடுகளும் பல் அடைப்புகளும் பெரும்பாலும் தடையில்லை; பல்லின் உலோகம் அருகிலுள்ள படத்தைக் கொஞ்சம் சிதைக்கும், அவ்வளவுதான். கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: பேஸ்மேக்கர், உட்செவிக் கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள். பட்டறை வேலை செய்தவர்கள் கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். இவற்றில் சில வகைகளுக்குத் தகுந்த முன்னேற்பாடுகளோடு ஸ்கேன் எடுக்க முடியும் என்பதால், கருவியின் வகையைக் குறிப்பிடும் அட்டையைக் கொண்டுவாருங்கள். காந்தம் ஸ்கேன் நடக்கும் நேரத்தில் மட்டுமல்லாமல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. அந்தக் குழாய்க்குள் படுக்கவே பயமாக இருக்கிறது.

பயம் இயல்பானது, சொல்லத் தயங்க வேண்டாம். தலைக்கான ஸ்கேன் பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடங்களில் முடியும். கையில் ஓர் அழைப்புப் பந்து தருவார்கள், அழுத்தினால் நிறுத்திவிடுவார்கள். தடதடவென்ற பெருஞ்சத்தம், படத்துக்கு இடக்குறிப்பு தரும் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் வேகமாக மாறுவதால் அவை அதிர்ந்து எழுப்புவது. காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அமைதிப்படுத்தும் மருந்து தரலாம். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படுவதுண்டு. அசைந்தால் படம் கலங்கும், கலங்கிய படத்தில் சிறிய கட்டி தப்பும் என்பதே இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம்.

6. ஒரே தலையை எதற்கு இத்தனை தடவை படம் எடுக்கிறார்கள்?

ஒவ்வொரு முறையும் வேறொரு கேள்வி கேட்கப்படுகிறது. டி1 என்னும் வகைப் படத்தில் மூளையின் உடற்கூறு தெளிவாக இருக்கும். நீர் மிகுந்த கட்டி கருமையாகத் தெரியும். டி2 படத்தில் அதே நீர் வெண்மையாகும். ஆனால் மூளையைச் சுற்றியுள்ள நீரும் டி2 படத்தில் வெண்மைதான் என்பதால், நீரறைகளின் ஓரத்தில் இருக்கும் கட்டி அந்த வெண்மையில் கரைந்துவிடும். அதற்காகத்தான் ஃபிளேர் என்னும் மூன்றாவது வகை. அது தளையின்றி ஓடும் நீரின் சைகையை மட்டும் அடக்கிவிட்டு, திசுவுக்குள் ஊறியிருக்கும் நீரை வெண்மையாகவே விட்டுவைக்கிறது.

நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தூரம் தாராளமாக அசைகின்றன என்பதை டிஃப்யூஷன் படம் காட்டும். உயிரணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கட்டியிலும், கெட்டியான சீழிலும், புதிய பக்கவாதத்திலும் அந்த அசைவு குறையும். இரத்தக்கசிவின் எச்சத்தையும் சுண்ணாம்பையும் காட்ட இன்னொரு வகை இருக்கிறது. இவற்றில் எதுவும் தனியாக நின்று "இது கட்டி" என்று சொல்லாது.

7. பாதியில் ஊசி போட்டார்கள். ஏதோ மோசமாகக் கண்டுபிடித்துவிட்டார்களா?

கட்டியைத் தேடும் ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் ஊசி வழக்கமான பகுதி. பலருக்கு அது தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதுதான். ஊசியில் இருப்பது காடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்து. மூளையின் இரத்தக்குழாய்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பிணைந்து ஒரு தடுப்பாக நிற்பதால், இந்த மருந்து நலமான மூளைத் திசுவுக்குள் நுழைய முடியாது. தடுப்பு உடைந்த இடத்திலும், அந்தத் தடுப்பே இல்லாத மூளை உறை போன்ற இடங்களிலும் மருந்து கசிந்து தங்கி, டி1 படத்தில் அந்த இடத்தை ஒளிரச் செய்கிறது.

8. அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஓர் அரிய நோய் இந்த மருந்தோடு தொடர்புடையது என்பது 2006இல் தெரியவந்தது. அதன்பின் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழே இருப்பவர்களுக்கு மிகுந்த கவனத்துடனும், உலோகத்தை வளையத்துக்குள் இறுகப் பிடித்துவைக்கும் நிலையான வகை மருந்துகளைக் கொண்டும் மட்டுமே ஊசி போடும் வழக்கம் வந்தது. அந்த நோயும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் காடோலினியம் மிகச் சிறிய அளவில் தங்குவது உண்மை. அதனால் தீங்கு விளைவதாக இதுவரை நிறுவப்படவில்லை என்றாலும், ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிலைத்தன்மை குறைந்த வகைகள் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே இந்த ஊசி தரப்படும்.

9. ஊசி போட்ட பிறகு கட்டி பளிச்சென்று தெரிந்ததாம். அப்படியென்றால் புற்றுதானே?

இந்தத் தவறான கணக்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஏழாம் கேள்வியில் சொன்னபடி, ஒளிர்வது கசிவைத்தான் காட்டுகிறது, கொடுமையை அல்ல. பெரும்பாலும் புற்றல்லாத மெனிஞ்சியோமா மிகப் பளிச்சென்று ஒளிரும். குழந்தைகளின் சிறுமூளையில் வரும், அறுவையிலேயே குணமாகக்கூடிய பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவும் ஒளிரும். மாறாக, நரம்பணுக்களைத் தாங்கும் உயிரணுக்களிலிருந்து வரும் கிளையோமாக்களில், கொடுமையின் அளவில் இரண்டாம் நிலையில் உள்ள, மூளைக்குள் மெல்லப் பரவும் பல கட்டிகள் ஒளிர்வதே இல்லை. அவை பின்னாளில் கொடிய வடிவம் எடுக்கக்கூடியவை.

10. "வளையம் மாதிரி ஒளிர்கிறது, கட்டியாகவும் இருக்கலாம், கிருமித்தொற்றாகவும் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். இது என்ன பதில்?

நேர்மையான பதில். நடுப்பகுதியில் இல்லாமல் ஓரத்தில் மட்டும் ஊசி மருந்து கசியும் எதுவும் வளையம்போல ஒளிரும்: கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி, உடலின் வேறிடத்திலிருந்து பரவிய புற்று, சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்கும் நீர்க்கட்டி, நரம்பு உறை சிதையும் நோய். சிகிச்சைகளோ ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சீழ்க்கட்டியைப் புற்றென்று எண்ணித் தாமதித்தால் உயிர் போகலாம். மருந்திலேயே ஆறக்கூடிய காசநோய்க் கட்டியைப் புற்றென்று எண்ணினால் தேவையற்ற அறுவை நடக்கலாம்.

பிரித்தறியச் சில வழிகள் உண்டு. சீழ் கெட்டியானது, அதனுள் நீர் அசைய முடியாததால் டிஃப்யூஷன் படத்தில் வளையத்தின் உட்பகுதியே வெண்மையாகும். செத்த கட்டியின் உள்ளிருக்கும் நீர்மம் பெரும்பாலும் அப்படிக் காட்டாது. காசநோய்க் கட்டியின் உள்ளே பாலாடைக்கட்டிபோல் இறுகிய பொருள் இருந்தால் டி2 படத்தில் அது கருமையாகத் தெரியும். நாடாப்புழு நீர்க்கட்டிக்குள் புழுவின் தலை சிறு புள்ளியாகக் கண்ணில் பட்டால் ஐயமே தீர்ந்துவிடும். நரம்பு உறை சிதையும் நோயில் வளையம் முழுமையடையாமல் ஒரு பக்கம் திறந்திருப்பதுண்டு.

இவை எல்லாவற்றுக்கும் விதிவிலக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாளாகத் தொந்தரவு, முன்பு காசநோயோ புற்றோ வந்ததா, நோய் எதிர்ப்புத்திறன் குறைந்தவரா என்ற விவரங்கள் இல்லாமல் இந்த வளையத்தைப் படிக்க முடியாது. ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் "தலைவலி" என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் அறிக்கையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

11. அறிக்கையில் "எஸ்.ஓ.எல்." என்று போட்டிருக்கிறது. அது எந்தப் புற்று?

அது எந்த நோயின் பெயரும் அல்ல. மூளைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மேலே சொன்ன எல்லாமே அதில் அடங்கும்.

12. எங்கே இருக்கிறது என்பதை வைத்தே என்ன கட்டி என்று சொல்லிவிட முடியாதா?

பாதி வேலை அதில்தான் முடிகிறது. முதலில் பார்ப்பது, கட்டி மூளைக்குள்ளே முளைத்ததா, வெளியிலிருந்து மூளையை அழுத்துகிறதா என்பதை. இரண்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்பிளவு தெரிந்து, மூளை உறையோடு அகன்ற அடியாக ஒட்டி, உறை வால்போல ஒளிர்ந்தால் மெனிஞ்சியோமாவையே முதலில் நினைப்போம். செவிநரம்பு செல்லும் எலும்புக் கால்வாய்க்குள் புகுந்திருந்தால் பெரும்பாலும் நரம்புறைக் கட்டியான ஷ்வான்னோமா. வெண்பொருளும் சாம்பல்பொருளும் சந்திக்கும் இடங்களில் பல சிறு கட்டிகள் இருந்தால், வேறெங்கோ தொடங்கிய புற்று இரத்தத்தின் வழியே வந்து தங்கியிருக்கலாம். பெரியவர்களின் மூளையில் அங்கேயே தோன்றும் புற்றுகளைவிட இப்படிப் பரவி வருபவையே அதிகம். ஆகவே மூளையில் கட்டி என்றதும் மார்பையும் வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

வயதும் சேர்ந்தே பேசும். சிறுமூளையில் கட்டி என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு நினைப்பது ஒன்று, அறுபது வயதுக்காரருக்கு நினைப்பது வேறு. குழந்தைக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கொடிய சிறுமூளைக் கட்டி என்ற ஐயம் இருந்தால் தண்டுவடம் முழுவதையும் சேர்த்தே படமெடுப்பார்கள், ஏனென்றால் அது மூளை நீரின் வழியே கீழிறங்கக்கூடியது.

13. ஸ்கேனிலேயே இவ்வளவு தெரிகிறதே. பிறகு எதற்கு மண்டையைத் துளைத்துத் திசு எடுக்க வேண்டும்?

இந்த ஆசை எம்.ஆர்.ஐ.யைவிடப் பழையது. எலிகளின் புற்றுத் திசுவில் காந்தச் சைகை தணிய எடுக்கும் நேரம் நலமான திசுவில் உள்ளதைவிட நீள்கிறது என்று அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் டமாடியன் 1971இல் வெளியிட்டபோது, ஓர் எண்ணை அளந்தே புற்றைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. படமாக்கும் வழியை வேதியியலாளர் பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். அவருக்கும் இயற்பியலாளர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. படம் வென்றது, அந்த ஓர் எண் வெல்லவில்லை. அந்த நேரம் வெறும் வீக்கத்திலும் நீள்கிறது, அழற்சியிலும் நீள்கிறது.

இன்றைய நிலையில் திசுவின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில், கிளையோமாவின் பெயரே மரபணு மாற்றத்தைப் பொறுத்தது. ஐ.டி.எச். என்னும் மரபணு மாறியிருக்கிறதா, 1பி, 19க்யூ என்ற குரோமோசோம் துண்டுகள் இரண்டும் இழக்கப்பட்டிருக்கின்றனவா என்பவற்றைக் கொண்டு சிகிச்சையும் எதிர்பார்ப்பும் மாறுகின்றன. டி2 படத்தில் சீராக வெண்மையாக இருக்கும் கட்டி, ஃபிளேர் படத்தில் ஓரம் தவிர மற்ற இடங்களில் கருத்துப்போனால் ஐ.டி.எச். மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமா என்னும் கிளையோமா வகை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அந்த அடையாளம் இல்லாத கட்டிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஷ்வான்னோமா, சிறிய மெனிஞ்சியோமா, பிட்யூட்டரிக் கட்டிகள் சில ஆகியவற்றில் மட்டும் படத்தையும் இரத்தப் பரிசோதனையையும் நம்பித் திசு எடுக்காமலே முடிவு செய்வது வழக்கம்.

14. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், கட்டி பாதியாகக் குறைந்துவிட்டது. குணமாகிறது என்றுதானே பொருள்?

எதனால் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கட்டியைச் சுற்றியுள்ள நீர்வீக்கம் வடிவதால் வரும் நிம்மதி அது. கட்டியே கரைந்தால், வெள்ளணுக்களில் தோன்றும் புற்றான லிம்போமா என்ற ஐயம் எழும். அந்தப் புற்றின் உயிரணுக்கள் ஸ்டீராய்டில் அழிந்து, படத்திலிருந்து மறைந்து, சில மாதங்களில் திரும்பிவிடும். அந்த இடைவெளியில் எடுத்த திசுவில் விடை கிடைக்காமல் போகலாம். ஆகவே படத்தில் லிம்போமாவின் சாயல் இருந்தால், உயிருக்கு ஆபத்தில்லாதவரை திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவருபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

15. ஸ்பெக்ட்ராஸ்கோபி, பெர்ஃப்யூஷன் என்று மேலும் இரண்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

விடையை மாற்றக்கூடிய இடத்தில் அவசியம். பெர்ஃப்யூஷன், கட்டிக்குள் ஓடும் இரத்தத்தின் அளவைக் காட்டுகிறது. கிளியோபிளாஸ்டோமாவைச் சுற்றியுள்ள வீக்கத்துக்குள்ளும் புற்றணுக்கள் ஊடுருவியிருப்பதால் அங்கேயும் இரத்த அளவு கூடியிருக்கலாம். பரவிவந்த புற்றைச் சுற்றி இருப்பது வெறும் நீர். ஸ்பெக்ட்ராஸ்கோபி ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை அளக்கிறது. நரம்பணுக்களின் அடையாளமான என்.ஏ.ஏ. குறைந்து, உயிரணுச் சவ்வு வேகமாக உருவாவதைக் காட்டும் கோலின் கூடியிருந்தால் கட்டியின் பக்கம் சாயலாம். காசநோய்க் கட்டியில், அந்த அளவீட்டின் வரைபடத்தில் கொழுப்பைக் குறிக்கும் கூம்பு ஓங்கி நிற்கும். இவை தராசில் வைக்கும் எடைக்கற்கள். இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

16. அறுவை முடிந்த மறுநாளே ஏன் ஸ்கேன்? தலை ஆறட்டுமே?

ஆறத் தொடங்கினால் படம் குழம்பும் என்பதால்தான். ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குப் பிறகு வெட்டிய ஓரமே ஊசி மருந்தில் ஒளிரத் தொடங்கிவிடும். அது ஆறும் புண்ணா, மிச்சமிருக்கும் கட்டியா என்று பிரிக்க முடியாது. இந்தப் படம்தான் இனி வரும் எல்லாப் படங்களுக்கும் அளவுகோல்.

17. கதிர் சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தில் கட்டி பெரிதாகிவிட்டது என்கிறார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதா?

உடனே அப்படி முடிவு செய்ய முடியாது. கதிரும் டெமோஸோலோமைடு என்னும் புற்றுமருந்தும் பட்ட திசு வீங்கி, தடுப்பு உடைந்து, ஏழாம் கேள்வியில் சொன்ன அதே கசிவால் பெரிதாக ஒளிரும். சிகிச்சையை மாற்றாமலே பின்னர் அது அடங்குவதுண்டு. அதனால்தான் கதிர் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் 12 வாரங்களில் தெரியும் வளர்ச்சியை, கதிர் பட்ட எல்லைக்கு வெளியே இருந்தாலோ திசுவில் உறுதியானாலோ அன்றி, கட்டி வளர்ந்ததாக எண்ணக் கூடாது என்று மூளைக்கட்டி சிகிச்சையின் பலனை மதிப்பிட 2010இல் வெளியான ரானோ நெறிமுறை வகுத்தது. பெர்ஃப்யூஷன் இங்கே உதவும்; சில வாரங்கள் கழித்து எடுக்கும் இன்னொரு படம் அதைவிட உதவும். அந்தக் காத்திருப்பு குடும்பத்துக்கு எவ்வளவு கொடியது என்பதை அறிவேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. பெவாசிசுமாப் என்னும் மருந்து இரத்தக்குழாய்க் கசிவை அடைத்துவிடுவதால், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போதே சில நாட்களில் ஒளிர்வு மங்கி முன்னேற்றம்போலத் தோன்றலாம். அப்போது ஃபிளேர் படத்தில் வெண்மை பரவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

18. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் கொடுத்துவிட்டால் சரியாகச் சொல்லாதா?

கட்டியின் எல்லையை வரைந்து கனஅளவைக் கணக்கிடுவதில் கணினி நிரல்கள் நன்றாகத் தேறியிருக்கின்றன. பிராட்ஸ் என்னும் போட்டி 2012 முதல் இதற்கென்றே நடந்துவருகிறது. ஆனால் அங்கே பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டவை கட்டி என்று முன்பே உறுதியான படங்கள். பத்தாம் கேள்வியில் கண்ட சீழ்க்கட்டியை அப்படிப் பழகிய நிரலிடம் காட்டினால், அதையும் கட்டியென்றே அழகாக எல்லை வரைந்து தரக்கூடும். இரண்டு மருத்துவர்கள் வேறுபடும்போது, அவர்கள் ஒரே விவரங்களை வைத்துக்கொண்டுதான் பேசினார்களா என்று முதலில் கேளுங்கள். அறுவை, புற்றுநோய், திசு, கதிரியக்கம் ஆகிய நான்கு துறையினரும் ஒன்றாக அமர்ந்து படத்தைப் பார்க்கும் கூட்டம் பல மருத்துவமனைகளில் உண்டு. அதற்கு உங்கள் படத்தை எடுத்துச்செல்லக் கோரலாம்.

19. பழைய ஸ்கேன்களையெல்லாம் வைத்திருக்க வேண்டுமா? அறிக்கைத் தாள் போதாதா?

போதாது. ஆறு மாதத்துக்கு முன் 8 மில்லிமீட்டராக இருந்தது இன்றும் 8 மில்லிமீட்டராகவே இருந்தால், அந்தச் செய்தி புதிதாக எடுக்கும் எந்த வகைப் படத்தையும்விட எனக்கு அதிகம் சொல்லும். அறிக்கையில் எழுதிய அளவை நம்பி ஒப்பிட முடியாது. யார், எந்த வெட்டில் அளந்தார் என்பது தெரியாது. அச்சிட்ட படத்தில் முழுத் தொகுப்பும் இருக்காது. குறுந்தகடாகவோ கோப்பாகவோ முழுப் படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது அவற்றோடு திசுப் பரிசோதனை முடிவு, கதிர் சிகிச்சை முடிந்த தேதி, இப்போது சாப்பிடும் ஸ்டீராய்டின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.